குளிர்கால ஊலாங்: மலை, பருவம், எடை கேட்டு வாங்குங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் தைவானில் படிக்கும், வேலை பார்க்கும் நம்மவர்களிடமிருந்து தேயிலைக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். புது அறுவடை கடைக்கு வரும் நேரம், ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி கட்டும் நேரம், சீனப் புத்தாண்டுக்கு யாருக்கு என்ன வாங்குவது என்று யோசிக்கும் நேரம், எல்லாம் ஒன்றாக வந்து சேர்கிறது. இந்த முறை ஊலாங், அதாவது பச்சைத் தேயிலைக்கும் கருந்தேயிலைக்கும் நடுவே பாதி புளித்த தேயிலை, அது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சிஞ்சுவில் ஆராய்ச்சி மாணவன். தேயிலைக் கடையில் அலிஷான் மலை ஊலாங் இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்று கோடையில் பறித்தது, இன்னொன்று குளிர்காலத்தில் பறித்தது. இரண்டாவதன் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை உருண்டைகள்தான். உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இல்லை பெயருக்குக் காசா?

உண்டு. குடித்துப் பார்த்தால் நீங்களே சொல்லிவிடுவீர்கள். கோடை வெயிலில் கொழுந்து மளமளவென்று வளரும், துவர்ப்பு ஏறும். குளிரில் வெயில் குறைவு, மலையில் மூடுபனி, கொழுந்து மெதுவாகத்தான் வரும். அதனால் துவர்ப்பு குறைந்து, சாறு கொஞ்சம் கெட்டியாக, தொண்டையில் இறங்கிய பிறகு இனிப்பாக நிற்கும். வசந்தகாலத் தேயிலையை மணத்துக்கும் குளிர்காலத் தேயிலையைச் சாறுக்கும் வாங்கு என்பது தைவான்காரர்கள் வழக்கமாகச் சொல்வது. என் ஓட்டு குளிர்காலத்துக்கே. மணம் முதல் இரண்டு கோப்பையோடு அடங்கிவிடும், சாறின் ருசி கடைசிவரை நிற்கும்.

விலைக்கு இன்னொரு காரணம் கூலி. உயர்மலைத் தேயிலையைப் பெரும்பாலும் கையால்தான் பறிக்கிறார்கள். ஒரு கிலோ காய்ந்த தேயிலைக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். குளிரில் கொழுந்து கொஞ்சமாகத்தான் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குளிர்கால அறுவடை எல்லா மலையிலும் ஒரே நாளில் நடப்பதில்லை. உயரமான இடத்தில் குளிர் முதலில் வந்துவிடுவதால், 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் லிஷான் மலையில் அக்டோபரிலேயே பறித்து முடித்துவிடுவார்கள். அலிஷானும், தொங்திங் ஊலாங்குக்குப் பேர்போன லூகூ ஊரும் அதற்குப் பின்னால், நவம்பரை ஒட்டி. ஆகவே அக்டோபர் முதல் வாரத்தில் ஒருவர் 'இந்த வருஷத்துக் குளிர்காலத் தொங்திங்' என்று நீட்டினால், எந்த வருஷத்தது என்று கேளுங்கள். பழையதாக இருந்தால் குற்றமில்லை, பழைய விலைக்குத் தந்தால் சரி.

'குளிர்காலத் துண்டு' என்று இன்னொன்றும் கடையில் பார்ப்பீர்கள். அது வேறு. மிங்ஜியன் போன்ற தாழ்வான இடங்களில் குளிர்கால அறுவடை முடிந்த பிறகும் குளிரில் கொஞ்சம் துளிர்க்கும், அதை டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ பறிப்பது. பெரும்பாலும் 'நான்கு பருவம்' அல்லது ஜின்சுவான் ரகச் செடி. உயர்மலைத் தேயிலை அல்ல, ஆனால் விலைக்கு மீறிய மணம். மாணவர் பட்ஜெட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்புறம் எடை. தைவானில் விலை பேசுவது ஜின் கணக்கில். ஒரு ஜின் 600 கிராம். சீனாவில் அதே ஜின் 500 கிராம் என்பதால் அங்கிருந்து வந்தவர்கள் குழம்புவார்கள். பாக்கெட் கட்டுவதோ நான்கு லியாங், அதாவது கால் ஜின், 150 கிராம். கடைக்காரர் '1,600' என்றால் அது ஜின்னுக்கா பாக்கெட்டுக்கா என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். ஜின்னுக்கு என்றால் உங்கள் கையில் இருக்கும் பாக்கெட் 400 தைவான் டாலர்தான். பல கடைகளில் ஒரு பாக்கெட்டே தனியாகத் தருவார்கள். ஒரு ஜின் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கேள்வி: சுற்றுலா போன இடத்தில் 'அலிஷான் உயர்மலைத் தேநீர்' என்று மிக மலிவாகக் கிடைத்தது. நான்கு பாக்கெட் வாங்கிவிட்டேன். அறைத்தோழி பார்த்துவிட்டு 'இது வியட்நாம் டீயாக இருக்கும்' என்கிறாள். எப்படிக் கண்டுபிடிப்பது?

தோழி சொல்வது வெறும் கிண்டல் அல்ல. தைவான் விளைவிப்பதைவிட அதிகமாகத் தேயிலை இறக்குமதி செய்யும் நாடு. அதில் பெரும்பகுதி பாட்டில் டீக்கும் டீயைக் குலுக்கித் தரும் கடைகளுக்கும் நேர்மையாகவே போகிறது. ஆனால் வியட்நாமின் லாம்டோங் மலைகளில் தைவான்காரர்களே தைவான் ரகச் செடி நட்டு, தைவான் இயந்திரத்தில் உருட்டி எடுக்கிறார்கள். அந்தத் தேயிலை தைவான் பெயரில் விற்பனையாகிப் பிடிபட்ட வழக்குகள் உண்டு.

முதலில் பாக்கெட்டின் பின்பக்கம். பொட்டலமிட்ட உணவில் பிறப்பிட நாட்டை அச்சிட வேண்டும் என்பது இங்கே சட்டம். போனின் மொழிபெயர்ப்புக் கேமராவை அந்தச் சின்ன எழுத்துகள்மேல் பிடியுங்கள். முன்பக்கத்தில் மலைப்படம் போட்டு 'அலிஷான்' என்று பெரிதாக எழுதி, பின்பக்கத்தில் பிறப்பிடம் வியட்நாம் என்றோ, இரண்டு மூன்று நாட்டுப் பெயர்களோ இருந்தால் தோழி ஜெயித்துவிட்டாள். பிறப்பிடம் தைவான் என்று மட்டும் இருந்தால் நாடு சரி, மலைக்கு அது சாட்சி அல்ல. 'உயர்மலை' என்பது பொதுவாக 1,000 மீட்டருக்கு மேல் என்று பொருள்படும், எந்த மலை என்று அது சொல்லாது. உள்ளூர் உழவர் சங்கத்தின் முத்திரையோ, தொடர் எண்ணுள்ள பிறப்பிடச் சான்று ஒட்டியோ இருந்தால் நம்பிக்கை கூடும்.

இலையைப் பார்த்தே நாட்டைச் சொல்லிவிடுவேன் என்பவர்களை நான் நம்புவதில்லை. செடி ஒன்று, செய்முறை ஒன்று என்றால் கண் என்ன செய்யும்? அரசின் தேயிலை ஆராய்ச்சி நிலையம்கூட இலையில் உள்ள தனிமங்களின் அளவை ஆய்வுக்கூடத்தில் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வேறொன்று உண்டு. குடித்து முடித்த சக்கையை வெள்ளைத் தட்டில் போட்டு ஒன்றை மெல்லப் பிரியுங்கள். ஒரு காம்பில் மூன்று இலை முழுதாக விரிந்தால் கையால் பறித்தது. இலைகள் பாதியில் கத்தரித்தாற்போல் நேர்கோட்டில் வெட்டுப்பட்டிருந்தால் இயந்திர அறுவடை. லிஷான் விலை கொடுத்து வாங்கியதில் தட்டு முழுக்க இப்படி அரை இலையாக இருந்தால் சந்தேகப்படலாம்.

வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க, தேயிலைச் சோதனைக்காரர்களின் அளவையே பயன்படுத்துங்கள். 3 கிராம் உருண்டை இலை, 150 மில்லி கொதிநீர், மூடி போட்டு 6 நிமிடம். நம்பகமான கடையில் வாங்கிய அலிஷானையும் உங்கள் பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊற்றுங்கள். இவ்வளவு நேரம் ஊறினால் இலையில் உள்ள குறை எல்லாம் வெளியே வந்துவிடும். ஆறிய பிறகும் ஒரு வாய் குடியுங்கள். மட்டமான தேயிலை ஆறியதும் நாக்கைப் பிடிக்கும்.

பாக்கெட்டில் தைவான் என்று போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றினால் ரசீதோடு 1950 என்ற நுகர்வோர் எண்ணை அழையுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் பொதுவாக 7 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமை உண்டு. கடையில் நேரில் வாங்கியதற்கு அது கிடையாது. நான்கு பாக்கெட்டையும் ஒரே நாளில் பிரித்துவிடாதீர்கள்.

கேள்வி: பேராசிரியருக்குப் புத்தாண்டுப் பரிசாகப் 'போட்டித் தேயிலை' வாங்கித் தரலாமா? அந்தப் பெட்டியின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

தரலாம், ஆனால் எந்தப் படி என்று பார்த்து வாங்குங்கள். லூகூ உழவர் சங்கம் வசந்தத்திலும் குளிர்காலத்திலும் ஆண்டுக்கு இரண்டு தடவை நடத்தும் தொங்திங் போட்டிக்கு ஆயிரக்கணக்கான மாதிரிகள் வருகின்றன. நடுவர்கள் யாருடையது என்று தெரியாமல் குடித்துத் தரம் பிரிப்பார்கள். தேறியதைச் சங்கமே பெட்டியில் அடைத்து முத்திரை ஒட்டும். உச்சத்தில் சிறப்புப் பரிசு, அடியில் பூச்சின்னம் போட்ட படிகள். இந்தப் பூச்சின்னப் படிதான் உங்களுக்கு. அதற்குக் கீழே தேறாமல் விழுந்தவை ஏராளம், ஆகவே இதுவும் வடிகட்டி வந்ததுதான். சங்கத்தின் முத்திரை இருப்பதால் பேராசிரியருக்கும் மதிப்பாக இருக்கும்.

இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியில் காம்பே இல்லாமல் இலை மட்டும் இருக்கும். போட்டிக்காக உட்கார்ந்து காம்பைக் கிள்ளி எடுப்பார்கள், குறை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாவது, போட்டிக்கு வரும் இலை எல்லாம் தொங்திங் மலையிலேயே முளைத்தது என்று பொருள் இல்லை. தொங்திங் என்பது இப்போது ஓரளவு புளித்து, நன்றாக உருட்டி, நிதானமாக வறுத்த ஒரு பாணியின் பெயராகவும் ஆகிவிட்டது.

தாயூலிங் என்று ஒரு பெயர் சொல்லி அதைவிட அதிக விலை கேட்டால், பேசாமல் நகர்ந்துவிடுங்கள். 2,500 மீட்டரை ஒட்டிய அந்த மலையில் தோட்டமே கொஞ்சம். அதிலும் அரசு நிலத்தில் இருந்த சிலவற்றை அரசு பத்தாண்டுக்கு முன் மீட்டுக்கொண்டது. ஆனாலும் கடைகளில் தாயூலிங் பாக்கெட்டுக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: 'பால் ஊலாங்' என்று எழுதியிருக்கிறது. பால் சேர்த்ததா? எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது.

நல்லதில் பால் கிடையாது. ஜின்சுவான் என்ற ரகம், தைவான் தேயிலை 12 என்றும் எழுதியிருக்கும், 1981-ல் வெளியிட்டது. அதற்கு இயல்பாகவே லேசான பால் வாசம் உண்டு. லேசாகத்தான். பாக்கெட்டைப் பிரித்ததும் பால்கோவாக் கடைக்குள் நுழைந்தாற்போல் வாசம் தூக்கினால் அது எசன்ஸ். பொருட்பட்டியலில் 'வாசனைப் பொருள்' என்று இருக்கும். அதில் வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் ஒரே வீட்டில். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நல்ல குளிர்கால ஊலாங் ஒன்று வாங்கலாம் என்று திட்டம். கட்டுப்படியாகுமா? எங்களிடம் அந்தச் சின்னக் குடுவை, கோப்பை எதுவும் இல்லை.

கணக்குப் போட்டுவிடுவோம். 150 கிராம் பாக்கெட் 600 டாலர் என்று வையுங்கள். ஒரு தடவைக்கு 6 கிராம், அதாவது 24 டாலர். 120 மில்லி கொள்ளும் மூடிக்கிண்ணத்தில் போட்டால் நான்கு சின்னக் கோப்பை. அதே இலையில் ஆறு தடவை ஊற்றலாம். ஆக 24 கோப்பை, கோப்பை ஒரு டாலர். பாக்கெட் ஒன்றில் இப்படி 25 மாலை உட்காரலாம்.

பாத்திரத்துக்குச் செலவழிக்காதீர்கள். மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று, ஊற்று மூக்குள்ள கண்ணாடிக் குவளை ஒன்று, அவ்வளவுதான். அந்தக் குவளையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிண்ணத்திலிருந்து நேராக நான்கு கோப்பையில் ஊற்றினால் முதல் ஆளுக்கு வெந்நீர், கடைசி ஆளுக்குக் கஷாயம். முழுதையும் குவளையில் வடித்துவிட்டு அதிலிருந்து பகிர்ந்தால் எல்லோருக்கும் ஒரே ருசி. நன்கு கொதித்த தண்ணீர், முதல் தடவை ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக. இரண்டாவது தடவை இலை விரிந்துவிட்டதால் இன்னும் சீக்கிரம் வடியுங்கள். அதன்பின் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகலாம்.

நால்வருக்கும் ருசி ஒத்துப்போகாவிட்டால் 150 கிராமில் வறுக்காத பச்சை வகை ஒன்று, வறுத்தது ஒன்று என்று வாங்குங்கள். டிசம்பர் இரவில் என் வீட்டில் தீர்ந்துபோவது வறுத்த தொங்திங்தான். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம், லேசான ஊலாங்கே சிலருக்குத் தலையைச் சுற்ற வைக்கும். யாராவது 'கீழை அழகி' என்ற ஊலாங்கின் குளிர்கால அறுவடை என்று விற்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அந்தத் தேயிலையின் தேன் மணமே கோடையில் பச்சைத் தத்துப்பூச்சி கடிப்பதால் வருவது. பூச்சி இல்லாத குளிரில் அந்த மணத்தை எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: பொங்கலுக்கு மதுரை போகிறேன். அம்மா பாலும் சர்க்கரையும் போடாமல் டீயைத் தொடமாட்டார். என்ன வாங்கிப் போவது? அந்த வெக்கையில் கெட்டுப்போகாமல் எப்படி வைப்பது?

பச்சை வகை உயர்மலை ஊலாங்கில் பால் ஊற்றினால் பாலின் ருசி மட்டும்தான் மிஞ்சும், உங்கள் காசும் போய்விடும். அம்மாவுக்கு நன்றாக வறுத்த தொங்திங்கோ, முஜா மலையின் இரும்புத்தேவி ஊலாங்கோ வாங்குங்கள். வறுத்த வாசம் பாலுக்கு ஓரளவு தாங்கும். முதல் கோப்பையைப் பால் இல்லாமல் ஒரு பனைவெல்லத் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். நம் நீலகிரியிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் பறிக்கும் நல்ல தேயிலை இருக்கிறது, அதை அவருக்குக் கொடுத்துவிட்டு ஊலாங்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று உறிஞ்சி அடைத்த 150 கிராம் பாக்கெட்டுகளாகவே கொண்டுபோங்கள், அழகுப் பெட்டியை இங்கேயே விட்டுவிடுங்கள். பெட்டிக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருப்பார்கள், விமானத்தில் இடம் அடைப்பதும் அதுதான். பிரிக்காத வறுத்த தேயிலை நிழலான அலமாரியில் ஒரு வருஷம் தாராளமாக இருக்கும். பச்சை வகையைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். ஆனால் எடுத்த கையோடு பாக்கெட்டை வெட்டக்கூடாது, மதுரைக் காற்றில் உள்ள ஈரம் எல்லாம் குளிர்ந்த இலைமேல் வியர்த்து நிற்கும். இரவே வெளியே எடுத்து வைத்துவிட்டு, காலையில் பிரியுங்கள்.