கேட்டீர்கள், சொல்கிறோம்: நம் வளவைப் படமெடுக்க அனுமதி கொடுத்தது யார்?

எங்கள் வளவு, கிணறு, மாட்டுப்பட்டி எல்லாம் போனில் வரைபடத்தைத் திறந்தாலே தெரிகின்றன. எங்களிடமோ அரசாங்கக் கச்சேரியிலோ ஒரு வார்த்தை கேட்காமல் தனியார் செய்மதிகள் எப்படிப் படம் எடுக்கின்றன?
(வாசகி, வெல்லாவெளி)

உங்களிடம் கேட்க வேண்டுமென்று சட்டம் இல்லை அக்கா, கொழும்பிடமும் இல்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தில் 6ஆம் உறுப்புரை சொல்வது, தனியார் விண்ணில் செய்வதற்கும் அவர்களுடைய நாடே பொறுப்பு, அந்த நாடுதான் அனுமதி கொடுத்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது. ஆகவே அமெரிக்க நிறுவனம் அமெரிக்க அரசிடம் கேட்கிறது. 1992இல் வந்த சட்டத்தின் கீழ் அங்கே வர்த்தகத் திணைக்களம் அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. விளையாட்டான அனுமதி இல்லை. 2018 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் ரொக்கெட் ஒன்று போய்க்கொண்டிருக்கும்போதே நேரலைக் காட்சியை நிறுத்தினார்கள், பூமியைக் காட்டிய கமராவுக்கு அந்த அனுமதி இல்லை என்பதால்.

படம் எவ்வளவு துல்லியமாக இருக்கலாம் என்பதையும் அனுமதிதான் தீர்மானித்தது. 2008இல் போன ஜியோஐ-1 செய்மதியால் 41 சென்ரிமீற்றர் வரை பார்க்க முடிந்தும், பொதுச்சந்தையில் 50 சென்ரிமீற்றர் படத்தையே விற்க விட்டார்கள், 2014இல்தான் 25 வரை தளர்த்தினார்கள். 50 சென்ரிமீற்றர் என்றால் படத்தில் ஒரு புள்ளி அரை மீற்றர் சதுரம். உங்கள் கிணறு ஒன்றரை மீற்றர் அகலமென்றால் குறுக்கே மூன்று புள்ளி, கிணற்றடியில் நிற்கும் ஆள் ஒரு புள்ளி, அவ்வளவுதான். முகம் தெரியாது, பயப்பட வேண்டாம்.

எனக்குக் கோபம் வரும் இடம் வேறு. இஸ்ரேலை அமெரிக்க நிறுவனங்கள் கூர்மையாகக் காட்டக் கூடாதென்று 1996இலேயே அங்கு தனிச்சட்டம் போட்டார்கள், 2020 வரை 2 மீற்றருக்கு ஒரு புள்ளி என்பதைவிடக் கூர்மையாக விடவில்லை. நம்மைப் போன்ற நாடுகளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. 1986இல் ஐ.நா. ஏற்ற கோட்பாடுகளின்படி, படமெடுக்கப்பட்ட நாடு நியாயமான விலையில், பாகுபாடு இல்லாமல் அந்தத் தரவைக் கேட்கலாம், 'எடுக்காதே' என்று தடுக்க முடியாது. தடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கேட்கும் உரிமையை நம்மவர்கள் விடாமல் பயன்படுத்த வேண்டும் என்பதே என் ஆசை.

நம் பிள்ளைகள் சின்னச் செய்மதி செய்தால் அனுமதி தேவையா?
(மாணவர், கல்முனை)

தேவை. மேலே சொன்ன ஒப்பந்தப்படி பொறுப்பு அரசின் தலையில் விழும், அதற்கு மேல் வானொலி அலைவரிசைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் போக வேண்டும். 2019இல் விண்ணுக்குப் போன இராவணா-1 ஏறத்தாழ ஒரு கிலோதான், அதிலும் கமரா இருந்தது. செய்யுங்கள் தம்பி.

மாரியில் வயல் வட்டை முழுக்க வெள்ளம். நட்டம் பார்க்க அதிகாரிகள் வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடுகிறது. செய்மதிப் படம் வாங்கிக் காட்டலாமா?
(விவசாயி, சம்மாந்துறை)

காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். ஐரோப்பியர்களின் சென்ரினல்-2 படங்கள் இலவசம், 10 மீற்றருக்கு ஒரு புள்ளி, அதாவது ஒரு ஏக்கருக்குச் சுமார் 40 புள்ளி. ஆனால் மாரியில் முகில்தான் எதிரி. வவுணதீவுப் பக்கம் மச்சானின் வயலுக்காக நானே தேடிப் பார்த்தேன், படம் முழுக்க வெள்ளைப் பஞ்சு. அப்புறம் சென்ரினல்-1ஐத் திறந்தேன். அது ரேடார், முகிலுக்குள்ளாலும் இரவிலும் பார்க்கும், தேங்கிய தண்ணீர் கறுப்பாகத் தெரியும். வரம்பு எங்கே உடைத்ததோ அங்கிருந்து கறுப்பு ஒரு நாக்குப் போல நீண்டு கிடந்தது. பயிர் தண்ணீருக்கு மேலே தலை நீட்டி நின்றால் மட்டும் இந்தக் கணக்குப் பிழையாகலாம். அதனால் படத்தின் திகதியைக் குறித்து வையுங்கள், அதே நாட்களில் வரம்பில் நின்று போனிலும் நாலு படம் எடுங்கள், வயல் காரியம் பார்க்கும் வட்டை விதானையையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, அவருடைய கையெழுத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.