மீத்திறன் மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது? – கேள்வி பதில்

கேள்வி அனுப்பிய ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நன்றி. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஒரு மாணவியும் எழுதியிருக்கிறாள். அவளுக்கான பதில் கடைசியில்.

நான்காம் வகுப்பு ஆசிரியை: ஒரு பையன் கொடுத்த கணக்கையெல்லாம் மளமளவென்று முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளைகளைச் சீண்டுகிறான். இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். என்ன செய்வது மேடம்?

அவன் கோபம் நியாயமானது. சீக்கிரம் முடித்தால் கூடுதல் வேலைதான் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை வேண்டுமென்றே இழுத்தடிப்பான். பல பிள்ளைகள் இப்படித்தான் மந்தமாகப் பழகிவிடுகிறார்கள்.

கடினமான கணக்கை முதலில் கொடுங்கள். பயிற்சியில் இருக்கும் ஐந்து சிக்கலான கணக்குகளைக் குறித்துவிட்டு, "இதில் நான்கைச் சரியாகப் போட்டவர்கள் மற்றதைச் செய்ய வேண்டாம்" என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லுங்கள். அவன் ஒருவனுக்கு மட்டும் சலுகை என்று ஆகக் கூடாது. நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றிரண்டு பேரும் முயன்று பார்ப்பார்கள். அதேபோல, புதிய பாடம் தொடங்கும் முன்பே பாட முடிவுத் தேர்வை ஒருமுறை வைத்துப் பாருங்கள். தெரிந்த பகுதியை அவனுக்குக் குறைத்துவிட்டால், மிச்சமாகும் நேரம் அவனுடையது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்: அந்த மிச்ச நேரத்தில் என்ன கொடுப்பது? தினமும் புதிதாகத் தயாரிக்க எனக்கு நேரமில்லை.

நாள் கணக்கில் ஓடக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். பென்சிலும் தாளும் போதும்.

ஒரு சதுரம் வரைந்து நான்கு மூலைகளிலும் ஏதாவது நான்கு எண்களை எழுதச் சொல்லுங்கள். 8, 3, 11, 5 என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த மூலைகளின் வித்தியாசத்தை ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் எழுதினால் 5, 8, 6, 3 வரும். அந்த நான்கையும் இணைத்தால் உள்ளே இன்னொரு சதுரம். மறுபடியும் வித்தியாசம் எடுத்தால் 3, 2, 3, 2. அப்புறம் 1, 1, 1, 1. அடுத்தது நான்கும் பூஜ்யம்.

இதுவரை வெறும் கழித்தல்தான், வகுப்பில் எல்லோராலும் முடியும். இனிதான் விஷயம். எந்த நான்கு எண்ணில் தொடங்கினாலும் பூஜ்யத்தில்தான் முடியுமா? அதிகப் படிகள் போகும் எண்களைக் கண்டுபிடிக்க முடியுமா? சதுரத்துக்குப் பதில் முக்கோணம் என்றால்? 1, 2, 4 என்று முக்கோணத்தில் தொடங்கிப் பாருங்கள். சீக்கிரமே 0, 1, 1 என்று வந்து, அதற்கு மேல் சுற்றிச் சுற்றி அதுவே வரும், பூஜ்யம் வரவே வராது. ஏன் என்று கேட்டுவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஐந்து மூலை, எட்டு மூலை என்று அந்தப் பிள்ளையே போய்க்கொண்டிருக்கும்.

நடுநிலைப்பள்ளி ஆசிரியை: என் வகுப்பில் நாற்பத்தைந்து பேர். நன்றாகப் படிப்பவர்களை மெல்லக் கற்போருக்குச் சொல்லித்தர வைக்கிறேன். அது சரிதானே?

எப்போதாவது சரி. ஒன்றை இன்னொருவருக்கு விளக்கும்போது நம் புரிதலும் தெளிவாகும். ஆனால் தினமும் அதுவே என்றால் அந்தப் பிள்ளை புதிதாக ஒன்றும் கற்பதில்லை, உங்கள் உதவியாளராக மட்டும் இருக்கிறது. அதுவும் கற்றுக்கொள்ளத்தான் பள்ளிக்கு வருகிறது.

பெரிய வகுப்புக்கு, மேலே சொன்ன சதுரம் போல எல்லோரும் ஒரே இடத்தில் தொடங்கி அவரவர் ஆழத்துக்குப் போகக்கூடிய வேலைதான் வசதி. வாரத்தில் ஒரு பீரியடாவது வேகமாகப் போகும் பிள்ளைகளை ஒரே குழுவில் உட்கார வையுங்கள். தனக்கு ஈடுகொடுக்கும் ஓர் ஆளோடு வாதாடுவது அவர்களுக்கு அரிதாகவே வாய்க்கிறது.

ஒரு அம்மா: என் மகள் வாங்குவது சுமாரான மார்க்தான். ஆனால் எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிறாள், கேள்வி கேட்டு ஓய்வதே இல்லை. இவளை மீத்திறன் குழந்தை என்று சொல்லலாமா?

மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஜோசப் ரென்சுல்லி என்ற கல்வியாளர் 1978-ல் மூன்று வளையங்களாக இதை விளக்கினார்: சராசரிக்கு மேலான திறன், படைப்பாற்றல், எடுத்த வேலையை விடாமல் செய்யும் ஈடுபாடு. மூன்றும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். நானும் அந்தக் கட்சிதான். ஒரே தேர்வை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1921-ல் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் தொடங்கிய ஆய்வே சாட்சி. நுண்ணறிவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். அதில் தேறாமல் விடுபட்ட வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் இருவரும் பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள்.

பட்டம் கொடுப்பதைத் தள்ளிப்போடலாம். கழற்றியதை மறுபடி மாட்டுகிறாளா, எவ்வளவு நேரம் விடாமல் உட்காருகிறாள் என்று கவனியுங்கள். வாயால் அழகாக விளக்குபவள் எழுதும்போது மட்டும் தடுமாறினால், டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) இருக்கிறதா என்று ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் இருப்பதுண்டு. அப்போது ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும்.

தமிழாசிரியர்: எல்லோரும் கணக்கையும் அறிவியலையுமே சொல்கிறீர்கள். மொழிப்பாடத்தில் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம் ஐயா. 341-ஆம் குறளைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். உதடு ஒட்டாது. எந்த எழுத்துகளுக்கு உதடு ஒட்டுகிறது என்று கண்ணாடியைப் பார்த்துப் பிள்ளைகளே பட்டியல் போடட்டும். ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒட்டும். வ-வுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடும். எழுத்துகளின் பிறப்பைப் பற்றிய நூற்பா அதற்குப் பிறகு பாடத்தில் வந்தால், தாங்கள் கண்டுபிடித்ததையே படிப்பதுபோல் இருக்கும்.

அடுத்து, இந்த மூன்று வரிசை எழுத்துகளும் இல்லாமல் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். அம்மா, அப்பா வர முடியாது. அன்னை, தந்தை என்று தேடிப் பிடிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தி கையைத் தூக்குவாள்: "ஐயா, நாளைக்கு நடப்பதை எழுதவே முடியவில்லையே!" செய்வேன், படிப்பேன், செய்யும் என்று எதிர்கால வினைமுற்றில் வ, ப, ம ஏதாவது ஒன்று வந்து நிற்கிறது. காலம் காட்டும் இடைநிலையை இதைவிட ஆழமாக எந்த மனப்பாடமும் பதிய வைக்காது.

ஒரு அப்பா: மகனுக்கு டபுள் புரமோஷன் கேட்கலாமா? வயதில் மூத்தவர்களோடு ஒட்டுவானா என்று பயமாக இருக்கிறது.

தகுதியான பிள்ளைகளுக்கு வகுப்புத் தாண்டுவது படிப்பில் நன்மையே செய்கிறது என்பதைப் பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பலரும் அஞ்சுவதுபோல் மனரீதியான பாதிப்பும் பொதுவாகத் தெரியவில்லை. ஆனாலும் முதலில் அவன் வலுவாக உள்ள ஒரு பாடத்துக்கு மட்டும் மேல்வகுப்பில் உட்கார வைத்துப் பாருங்கள். அவனுக்கு விருப்பம் இருக்க வேண்டும். அந்த வகுப்பு ஆசிரியருக்கும் முழுச் சம்மதம் இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு அம்மா: எல்லாவற்றிலும் முதலாவதாக வருகிற மகன், கொஞ்சம் கஷ்டமான புதிர் வந்தால் "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று எழுந்துவிடுகிறான்.

பிடிக்காமல் இல்லை, பயம். இத்தனை நாள் தடுமாறியே பழக்கமில்லை. "நீ புத்திசாலி" என்று பாராட்டியே வளர்த்தால் இது கூடும். உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலித்தனத்துக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் உட்கார்ந்தார்கள். "முதல் வழி சரிவராதபோது படம் போட்டுப் பார்த்தாயே, அது நல்ல யோசனை" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். தினமும் அவனால் உடனே முடியாத ஒன்று கையில் இருக்கட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து திணறுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி: டீச்சர், வகுப்பில் நான் கேள்வி கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கேட்காமல் இருந்தால் தலை வெடிக்கிறது.

கேட்பதை நிறுத்தாதே அம்மா. ஒரு நோட்டுப் போட்டு எல்லாக் கேள்வியையும் எழுதி வை. அதில் இரண்டை மட்டும் வகுப்பில் கேள், மற்றதை ஆசிரியரிடம் தனியாகக் கேள். நோட்டின் முதல் பக்கத்துக்கு நான் ஒன்று தருகிறேன். ஏதாவது ஓர் எண் எடுத்துக்கொள். இரட்டை என்றால் பாதியாக்கு. ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. வருகிற எண்ணுக்கும் இதையே செய்துகொண்டே போ. எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1 வந்துவிடுமா? இதை இன்றுவரை உலகில் யாரும் நிரூபிக்கவில்லை. முதலில் 6, 7 போட்டுப் பார். 27-ஐ விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள், 111 படி போக வேண்டியிருக்கும்.