டிரஸ்ட், ஹோம், பஸ் ஸ்டாண்டு பசங்க: இந்த தடவ வந்த கேள்விங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு பக்கத்துல இருந்தும் சேர்த்து ஒரு இருபது கேள்வி வந்திருக்கு, அதுல சிலது போன தடவயே பதில் சொன்னது, படிக்காமயே திரும்ப கேக்கறாங்க. மீதியில முடிஞ்சத எடுத்துகிட்டேன். பேர் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

பாலக்கோடு: நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ், ரோட்டுல திரியற பசங்களுக்கு ஏதாச்சும் பண்ணணும்னு ஆசை. டிரஸ்ட் போடறதா, சொசைட்டியா?

நாலு பேர்னா டிரஸ்ட்தான், சொசைட்டிக்கு 7 பேர் வேணும். சார்பதிவாளர் ஆபீஸ்ல ஒரு நாள் வேலை, அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ஆனா பத்திரம் எழுதறவர் கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே ஒரு பழைய டீட் இருக்கும், அதுல கோசாலை, மரம் நடறது, கும்பாபிஷேகம், கண் சிகிச்சை முகாம்னு உலகத்துல இருக்கறதெல்லாம் நோக்கத்துல இருக்கும், பேர மட்டும் மாத்தி நீட்டுவாரு. வாங்காதீங்க. உங்க வேலை என்னவோ அத மட்டும் எழுதுங்க. டிரஸ்ட்ட மூடினா சொத்து இதே மாதிரி இன்னொரு அமைப்புக்குதான் போகணும்னு ஒரு வரி கட்டாயம் இருக்கணும், இல்லன்னா 12ஏ (டிரஸ்ட்டுக்கு வருமான வரி விலக்கு தர்ற பதிவு) கேக்கறப்ப இழுத்தடிப்பாங்க. நாலு பேர்ல ரெண்டு பேர் புருஷன் பொண்டாட்டியா இருந்தா வெளியாள் ஒருத்தர சேத்துக்கங்க, பணம் குடுக்கறவன் முதல்ல பாக்கறது அதத்தான்.

ஓசூர்: நைட் பத்தரைக்கு பஸ் ஸ்டாண்டுல 13 வயசு பையன் ஒருத்தன் தனியா உக்காந்திருந்தான். வீட்டுக்கு கூட்டிட்டு வந்து சாப்பாடு போட்டோம், ரெண்டு நாளா எங்க கூடத்தான் இருக்கான், தங்கமான பையன். நாங்களே வளக்கலாமா?

ரெண்டு நாளா! தம்பி, முதல்ல போன எடுத்து 1098 (குழந்தைகள் உதவி எண்) அடிங்க, மீதிய அப்பறம் படிக்கலாம்.

அடிச்சாச்சா? சரி. தனியா இருக்கற பிள்ளைய பாத்தா 24 மணி நேரத்துக்குள்ள 1098க்கோ போலீசுக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ (கமிட்டின்னு நான் சொல்றது இதத்தான்) சொல்லியாகணும், சொல்லலன்னா அதுவே குத்தம், 6 மாசம் வரைக்கும் உள்ள போகலாம். நீங்க நல்ல மனசோடதான் செஞ்சிருப்பீங்க, ஆனா அவங்கம்மா ஊத்தங்கரையிலயோ ஆனேக்கல்லயோ ஏதோ ஒரு ஸ்டேஷன் திண்ணையில போட்டோவ வெச்சுகிட்டு உக்காந்திருந்தா? நான் பாத்த பசங்கள்ல முக்காவாசி பேருக்கு வீடு இருக்கு. அப்பன் குடி, ஸ்கூல்ல அடி, இல்ல பெங்களூருல பேக்கரி, ஜூஸ் கடைல வேலைக்கு விட்டு அங்க இருந்து ஓடி வந்தவன். அவன நோண்டி நோண்டி கேக்காதீங்க, முழங்கைக்கு கீழ பாருங்க, கோடு கோடா தழும்பு இருந்தா அது பேக்கரி தட்டு சுட்டதா இருக்கலாம். அப்டி இருந்தா கமிட்டிகிட்ட அத முதல்ல சொல்லுங்க, பையன் வாயால சொல்ல மாட்டான்.

வளக்கறது, தத்து எதுவானாலும் கமிட்டிலதான் ஆரம்பிக்கும், கூட்டிட்டு வந்தவங்களுக்கே குடுக்கறதுன்னு ஒரு வழக்கம் கிடையாது. எப்பவும் சொல்றதுதான்: கமிட்டி உத்தரவு பேப்பர் கைல இல்லாம ஒரு பிள்ளையும் உங்க கூரைக்கு கீழ இருக்கக்கூடாது.

கிருஷ்ணகிரி: சார் ஃபண்டு எப்படி வாங்கறது?

எதுக்கு, எவ்வளவு, யாருக்கு, போன வருஷம் என்ன செஞ்சீங்க, ஒண்ணுமே எழுதல. போன் நம்பர் மட்டும் ரெண்டு குடுத்திருக்கீங்க. அடுத்தவர்.

காரிமங்கலம்: ஹைவே ஒட்டி 40 சென்ட் நிலம் இருக்கு. அப்பா ஞாபகமா ஆதரவில்லாத பசங்களுக்கு 50 பேர் தங்கற மாதிரி இல்லம் கட்டப் போறோம், பிளான் ரெடி. என்ன பர்மிஷன் வேணும்?

சட்டப்படி உள்ளத முதல்ல சொல்லிடறேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 41ல பதிவு பண்ணணும், மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் வழியா போகும். பதிவு இல்லாம நடத்தினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ஒரு லட்சத்துக்கு குறையாத அபராதம், ரெண்டும் கூட சேந்து வரும். படுக்கற ஹால்ல பிள்ளைக்கு 40 சதுர அடி, 7 பிள்ளைக்கு ஒரு கக்கூஸ், 10 பிள்ளைக்கு ஒரு குளியலறை. பிளான்ல இது இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் இருக்காது, ஆபீஸ் ரூமும் போர்டிகோவும்தான் பெருசா இருக்கும்.

இனி நீங்க கேக்காதத சொல்றேன், கோவப்படாதீங்கண்ணா. இந்த இருபது வருஷத்துல என்கிட்ட வந்தவங்கள்ல பத்துக்கு எட்டு பேர் கட்டடத்தோடதான் வந்தாங்க. முன்னாடி கருப்பு கிரானைட்ல அப்பா பேரு, திறப்பு விழா, பந்தல், கேசரி. மூணாவது வருஷம் சமையக்காரம்மாவுக்கு சம்பளம் இல்லன்னு என்கிட்டயே போன் வரும். பிள்ளைய இல்லத்துல விடறது கடைசி வழியா இருக்கணும்னு அந்த சட்டமே சொல்லுது, நாம மட்டும் அதத்தான் முதல் வழியா வெச்சிருக்கோம். சரி, இல்லம் நல்லாவே நடக்குதுன்னே வெச்சுக்குவோம். 18 முடிஞ்ச அன்னிக்கு அந்த பையன் எங்க போவான்?

எனக்கு தெரிஞ்ச ஒரு பையன், 7 வயசுல இருந்து ஹோம்லயே வளந்தவன். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடிச்சு ஓசூர் சிப்காட்ல டிரெய்னியா சேந்தான், கைக்கு ஒரு 13, 14 ஆயிரம். மூக்கண்டப்பள்ளில ரூம் பாக்க போனோம். வீட்டுக்காரம்மா சாவிய கைலயே வெச்சுகிட்டு கேக்கறாங்க, சொந்த ஊரு எது, அப்பா என்ன பண்றாரு, நீங்க என்ன ஆளுங்க. மூணுக்கும் அவன்கிட்ட பதில் இல்ல, செருப்பையே பாத்துகிட்டு நிக்கறான். நான்தான் சித்தப்பான்னு சொல்லி, அட்வான்சும் குடுத்து சாவிய வாங்கினேன். ஒரு வாரம் கழிச்சு போனா குண்டான் நெறைய சோறு, தண்ணி ஊத்தி வெச்சிருக்கான். என்னடா இதுன்னு கேட்டா, "அண்ணா மூணு நாளா இதையேதான் சாப்பிடறேன், எவ்ளோ போடறதுன்னு தெரியல"ன்றான். ஹோம்ல நாப்பது பேருக்கு ஒலை வெச்சு பழகினவன், ஒரு ஆளுக்கு அரை ஆழாக்கு போதும்னு யாரு சொல்லிக் குடுத்தா? காய் கடைல கறிவேப்பிலைய ஓசில கேட்டு வாங்கலாம்னு கூட தெரியாம அஞ்சு ரூபா குடுத்திருக்கான். பதினோரு வருஷம் மூணு வேளை நேரத்துக்கு சாப்பாடு போட்டோம், கைல ஒரு வீட்டு சாவி குடுக்கல.

அதனால சொல்றேன். 50 பேருக்கு ஒழுங்கா கட்டினா ஒரு கோடி கிட்ட போகும். அந்த நிலத்துல சும்மா ஒரு ஷெட்ட போட்டு மாங்கூழ் கம்பெனிக்கு குடோனா வாடகைக்கு விடுங்க, அந்த வாடகைல ஓசூர்ல ஒரு வீடு, தர்மபுரில ஒரு வீடு புடிச்சு, வீட்டுக்கு நாலு பசங்க, மேல பாத்துக்க ஒரு அண்ணன்னு 18ல இருந்து 21 வரைக்கும் வெச்சுக்கங்க. ஹோம்ல இருந்து வெளிய வர்ற பசங்களுக்கு மத்திய அரசோட வாத்சல்யா திட்டத்துல பின் பராமரிப்புன்னு மாசம் 4000 ரூபா இருக்கு, அதுக்கு 18 முடியறதுக்கு முன்னாடியே ஃபைல் நகரணும், வெளிய வந்தப்பறம் ஓடினா ஆறு மாசம் ஆகும், அதுக்குள்ள பையன் எங்கயாச்சும் போயிடுவான். அப்பா பேர அந்த வாடகை வீட்டு கதவுல கூட எழுதலாம்ணா.

ஊத்தங்கரை: டோனர் ஒருத்தர் 10 ஆயிரம் ரொக்கமா குடுத்தாரு, 80ஜி ரசீது கேக்கறாரு.

2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அவருக்கு 80ஜி சலுகை, அதாவது நன்கொடைக்கு வருமான வரில கிடைக்கற கழிவு, கிடைக்காது. பேங்க் வழியா அனுப்ப சொல்லுங்க. அப்பறம் அவரு புது வரி முறையில இருந்தா எப்படி குடுத்தாலும் 80ஜி பிரயோஜனமில்ல, அத முன்னாடியே சொல்லிடுங்க, பின்னாடி உங்கள திட்டுவாரு. ரசீது புத்தகத்துல கிழிச்சு குடுக்கறது மட்டும் பத்தாது, வருமான வரி போர்ட்டல்ல கணக்கு ஏத்தி அங்க இருந்து இறங்கற சர்டிபிகேட்தான் செல்லும்.

ஓசூர்: நம்ம ஊர சுத்தி இவ்ளோ கம்பெனி இருக்கு, ஒருத்தரும் சி.எஸ்.ஆர். (லாபத்துல சமூக வேலைக்கு ஒதுக்கற பணம்) தர மாட்டேங்கறாங்க. எங்க டிரஸ்ட் ஆரம்பிச்சு 8 மாசம் ஆச்சு.

8 மாசத்துல யாரும் தர மாட்டாங்க, கம்பெனி வெளி அமைப்புக்கு குடுக்கணும்னா மூணு வருஷமாவது வேலை செஞ்ச கணக்கு கேக்கும். 12ஏ, 80ஜி, அப்பறம் அந்த பணத்த வாங்கறதுக்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு, இது மூணும் இல்லாம எச்.ஆர். மேடத்த போய் பாக்காதீங்க. பார்த்தாலும் சுவத்துக்கு பெயின்ட் அடிக்க பணம் தர்றோம்பாங்க, ஏன்னா ஸ்டாஃபெல்லாம் சனிக்கிழமை டீஷர்ட் போட்டுகிட்டு வந்து அடிக்கலாம். வாங்கிக்கங்க, பரவால்ல, ஆனா பசங்களுக்கு அப்ரண்டிஸ் எத்தன பேர எடுப்பீங்கன்னு அப்பவே கேட்டுடுங்க. பணத்த விட அது பெருசு.

தர்மபுரி: பர்த்டேக்கு சாப்பாடு குடுத்தவங்க பசங்களோட எடுத்த போட்டோவ ஸ்டேட்டஸ் வைக்கறாங்க. கண்ணுக்கு கருப்பு பட்டை போட்டா ஓகேவா?

பட்டைய போட்டுட்டு யூனிஃபார்ம்ல ஸ்கூல் பேரு பளிச்சுன்னு தெரியும். கூடாதுங்க. அதே இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74: பேர், முகம், ஸ்கூல், முகவரி எதுவும் வெளிய வரக்கூடாது, 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 2 லட்சம் வரைக்கும் அபராதம். கேட்டுல ஒரு கூடை வைங்க, செல்போன அதுல போட்டுட்டு உள்ள வரட்டும். கோவிச்சுகிட்டு போறவங்க போகட்டும்.

அரூர்: எங்க ஹோம்ல 16 வயசு பொண்ணு, அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல, ஜாதி சான்றிதழ் இல்லாம பிளஸ் டூ அப்பறம் என்ன பண்றது?

நல்ல கேள்வி, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கப்பவே கேட்டீங்க பாருங்க, அதுக்கே ஒரு சபாஷ். 10 வயசுக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் இழந்து, வேற நாதியில்லாம, அரசு நடத்தற, இல்லன்னா அரசு அங்கீகாரம் பெத்த இல்லத்துலயோ ஸ்கூல்லயோ இருக்க பிள்ளைங்கள நம்ம மாநிலத்துல பி.சி. பட்டியல்லயே சேத்திருக்காங்க. தாலுகா ஆபீஸ்ல நிறைய பேருக்கு இது தெரியாது, பட்டியல பிரிண்ட் எடுத்து கோடு போட்டு கைல வெச்சுகிட்டு போங்க. ஆனா அவசரப்படாதீங்க, முதல்ல பாட்டி, மாமா, கூடப் பொறந்தவங்க யார் பேர்லயாச்சும் பழைய சான்றிதழ் இருக்கான்னு தேடுங்க. சித்தேரி மலைல இருந்து வந்த பழங்குடி பிள்ளைக்கு எஸ்.டி. கிடைக்க வேண்டியத நம்ம சோம்பேறித்தனத்தால பி.சி. ஆக்கிடக்கூடாது, எஸ்.டி. சான்றிதழுக்கு ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸ் போகணும், நாலு நடை நடக்கணும், நடங்க. ஆதார் இல்லன்னா, அத எடுக்கறதுக்கு அங்கீகாரம் பெத்த இல்லத்தோட சூப்பிரண்டு குடுக்கற கடிதமே போதும்.

பர்கூர்: சிங்கப்பூர்ல இருக்க மச்சான் மாசாமாசம் 20 ஆயிரம் அனுப்பறேன்றான். டிரஸ்ட் அக்கவுண்ட்ல வாங்கலாமா?

மச்சான் எந்த ஊர்ல இருக்காருன்றது முக்கியமில்ல, எந்த நாட்டு பாஸ்போர்ட்டுன்றதுதான் முக்கியம். இந்திய பாஸ்போர்ட்டு, சொந்த சம்பாத்தியம், பேங்க் வழியா வருதுன்னா வாங்கலாம், பாஸ்போர்ட்டு ஜெராக்ஸ் ஃபைல்ல இருக்கட்டும். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிட்டாருன்னா அது வெளிநாட்டு பணம், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை வாங்கறதுக்கான அனுமதி) இல்லாம ஒரு ரூபா தொடக்கூடாது, உங்க சொந்த அக்கவுண்ட்ல வாங்கி டிரஸ்ட்டுக்கு மாத்தற வேலையும் வேணாம், நிறைய பேர் மாட்டறது அதுலதான்.

அஞ்செட்டி: எங்க டியூஷன் சென்டருக்கு வர்ற 16 வயசு பொண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம். அக்கா ஒருத்தங்க வீட்டுல ஒளிச்சு வைக்கலாம்னு இருக்கோம்.

வைக்காதீங்க, கடத்தல் கேசு உங்க மேல வரும், கல்யாணம் பண்றவங்க தப்பிச்சுக்குவாங்க. 1098, இல்லன்னா பெண்கள் உதவி எண் 181 அடிங்க. மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தை திருமண தடுப்பு அலுவலர், அவங்களுக்கு எழுத்துலயும் குடுங்க. நின்னுடுச்சுன்னு நீங்க சும்மா இருந்துடாதீங்க. நிறுத்தின கல்யாணத்த பத்து நாள் கழிச்சு விடிகாலை நாலு மணிக்கு எங்கயோ ஒரு கோயில்ல முடிச்சுட்டு வந்த குடும்பத்த நான் பாத்திருக்கேன், தாலிய சுடிதாருக்குள்ள மறைச்சுகிட்டு அந்த பொண்ணு மறுநாள் ஸ்கூலுக்கு வந்துச்சு. உங்க பொண்ண கமிட்டி முன்னாடி ஆஜர் பண்ணி உத்தரவு பேப்பர் வாங்குங்க. மறுபடியும் அதேதான், பேப்பர்.

பென்னாகரம்: பஸ் ஸ்டாண்டுல படுக்கற பையனுக்கு 19 வயசு. 1098ல எடுக்க மாட்டேங்கறாங்க.

எடுக்க மாட்டாங்க, 18க்கு மேல அவங்க வேலையில்ல. வீடில்லாதவங்களுக்கான நகர்ப்புற தங்குமிடம் எங்க இருக்குன்னு தர்மபுரி நகராட்சில கேளுங்க. ஹோம்ல வளந்தவனான்னும் விசாரிங்க, ஆமான்னா மேல சொன்ன 4000க்கு இன்னும் வயசு இருக்கு.

கிருஷ்ணகிரி: சேவைன்னு சொல்லிட்டு ஸ்டாஃபுக்கு சம்பளம் குடுக்கறது சரியா?

நீங்க ஒரு மாசம் ராத்திரி டியூட்டி பாத்துட்டு வந்து இத கேளுங்க.

தர்மபுரி: வீட்டுல பழைய துணி நாலு மூட்டை இருக்கு, எங்க கொண்டாந்து குடுக்கறது?

வேணாம்மா. புது ஜட்டி, பனியன் வாங்கி குடுங்க, 75, 80, 85 சைஸ்ல. அது யாருமே தர்றதில்ல.