மேல்முறையீட்டை முழுதாக விசாரிக்காமலே, எதிர்த்தரப்பைக் கூப்பிடாமலே கோர்ட் தள்ளுபடி செய்யலாமா?

செய்யலாம். எங்கள் குடும்ப வழக்கே அப்படித்தான் முடிந்தது.

அணைக்கட்டுப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அதற்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். அப்பா வழக்குப் போட்டார். முன்சீப் கோர்ட்டில் தோல்வி, சப் கோர்ட் அப்பீலிலும் தோல்வி. அப்புறம் சென்னை ஹைகோர்ட்டுக்கு செகண்ட் அப்பீல், அதாவது இரண்டாவது மேல்முறையீடு.

அப்பீலை விசாரணைக்கு எடுப்பதா என்று பார்க்கிற கட்டமான அட்மிஷனுக்கு வந்த அன்று காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தோம். சாயங்காலம் வரை நடக்கும் என்று நினைத்து அம்மா புளிசாதம் கட்டிக் கொடுத்திருந்தார். எங்கள் வக்கீல் எழுந்து, இடத்தைப் பார்வையிட கோர்ட் அனுப்பிய கமிஷனரின் வரைபடத்தைப் பிரித்து, "இந்தப் புளியமரத்தை ஒட்டித்தான் வண்டித் தடம்..." என்று ஆரம்பித்தார். "அது சங்கதி, நடந்தது என்ன என்பது. சட்டக் கேள்வி என்ன?" என்றார் நீதிபதி. வக்கீல் மறுபடியும் புளியமரத்துக்கே வந்தார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, தள்ளுபடி. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸே போகவில்லை. "அவன் ஒரு நாள்கூட ரயில் ஏறலையேடா" என்று அப்பா வராந்தாவில் திரும்பத் திரும்பச் சொன்னார். தோற்றதைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

அன்று எனக்கும் கோபம்தான். பிறகு படித்துப் பார்த்தபோது தெரிந்தது, சிவில் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 41, விதி 11 இதற்கென்றே இருக்கிறது. அப்பீல் போட்டவர் தரப்பைக் கேட்டுவிட்டு, விஷயம் இல்லை என்று தோன்றினால், எதிராளியை அழைக்காமலே முடித்துவிடலாம். அவர் ஏற்கெனவே ஜெயித்தவர், அவர் வராததால் அவருக்கு நஷ்டம் இல்லை. செகண்ட் அப்பீல் என்றால் கதவு இன்னும் குறுகல். 1976 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 100-ன் கீழ் கனமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தாக வேண்டும். வக்கீல்கள் 'சப்ஸ்டான்ஷியல் கொஸ்டின் ஆஃப் லா' என்பார்கள். மரம் எங்கே நின்றது, தடம் எங்கே போனது என்பதெல்லாம் அதில் சேராது.

ஆனால் இந்தக் குறுக்குவழியில் அப்பீலைத் தள்ளத்தான் முடியும், ஏற்க முடியாது. கீழ்க்கோர்ட் தீர்ப்பை மாற்ற வேண்டுமென்றால் சட்டக் கேள்வியை எழுதி வைத்து, நோட்டீஸ் அனுப்பி, இரண்டு பக்கமும் கேட்டாக வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றமோ மனுவையும் பதிலையும் படித்துவிட்டு, வாய்வாதமே இல்லாமல் கீழ்க்கோர்ட் தீர்ப்பைப் புரட்டிப் போடுவதும் உண்டு. அதற்கு நம்ம ஊர் முறை தேவலை என்பது என் கட்சி.

இன்னொன்று, சுருக்கமாக முடிக்கலாம், ஆனால் வாயை மூடிக்கொண்டு முடிக்கக் கூடாது. செகண்ட் அப்பீலை அட்மிஷனிலேயே தள்ளினாலும் காரணம் எழுத வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு வந்த உத்தரவில் காரணம் இருந்தது, குறை சொல்ல முடியாது.

உண்மையில் நாங்கள் கோட்டை விட்டது முதல் அப்பீலில். சங்கதி, சட்டம் இரண்டையும் முழுசாக அலசுகிற கடைசி இடம் அதுதான். கமிஷனர் அறிக்கையை அங்கே வரிவரியாகப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அப்போது இருந்த வக்கீல் அரை மணியில் வாதத்தை முடித்தார். அப்பாவும், "போகட்டும், மேலே ஹைகோர்ட் இருக்கு" என்று விட்டுவிட்டார். சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்து டீக்கடையில் இந்த வாக்கியத்தை நான் இன்றும் கேட்கிறேன். உங்கள் வழக்கு இன்னும் முதல் அப்பீலில்தான் நிற்கிறது என்றால், வழக்கில் பதிவான சாட்சி, ஆவணம் எல்லாவற்றையும் அங்கேயே எடுத்துக் காட்டி வாதாடிவிடுங்கள். அதைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் ஹைகோர்ட் போக 90 நாள் கெடு. தீர்ப்பு நகல் எடுக்க ஆன நாட்கள் அந்தக் கணக்கில் சேராது.

டெல்லிக்குப் போகலாமா என்று அப்பா கேட்டார். அங்கே ஒரே வரியில்கூடத் தள்ளிவிடுவார்கள் என்றார் வக்கீல். அப்படித் தள்ளினால் ஹைகோர்ட் தீர்ப்பு சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாக அர்த்தம் இல்லை, 2000-த்தில் குஞ்ஞயம்மது வழக்கில் அதைத் தெளிவாக்கியிருக்கிறார்கள். சட்டப்படி அது பெரிய வித்தியாசம். அப்பாவுக்குப் பாதை கிடைக்காது என்பது மட்டும்தான் புரிந்தது. இப்போது ஏரிக்கரை வழியாகச் சுற்றித்தான் நிலத்துக்குப் போகிறோம்.