டைனோ எண் ஏமாற்றினால் முதலில் எதைப் பார்ப்பது?

மாற்றியமைத்த என்ஜினில் எதிர்பார்த்த பவர் வரவில்லை என்பதைப் பற்றி மட்டும் இன்று கேளுங்கள். டைனோ, அதாவது வண்டியை ரோலரில் ஓட்டிப் பவரை அளக்கும் இயந்திரம், காட்டிய உச்ச எண்ணை மட்டும் எழுதினால் என்னால் அதிகம் சொல்ல முடியாது. அதன் வரைபடத்தில் கோடு எந்த ஆர்.பி.எம்.மில் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையில்) ஏறுகிறது, எங்கே படுக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: அண்ணா, 1.6 லிட்டர் பெட்ரோல், ஒற்றை கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), டர்போ கிடையாது. கம்பெனி சொன்ன பவர் 105 பி.எஸ். பெரிய கேம், ஹெட்டர் (என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்), அகலமான எக்ஸாஸ்ட், ஓப்பன் ஃபில்டர், ரீமேப் (என்ஜின் கணினியின் கணக்கை மாற்றி எழுதுவது) எல்லாம் செய்தாயிற்று. 130 வரும் என்று நம்பினேன். டைனோவில் 91. அழுகையே வந்துவிட்டது. எதை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள் தம்பி. உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் 105-உம் 91-உம் ஒரே இடத்தில் அளந்தவை அல்ல. கம்பெனி கணக்கு கிராங்க் ஷாஃப்டில் அளந்தது. ரோலர் டைனோ சக்கரத்தில் அளக்கிறது. நடுவில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். பொதுவாக 15 சதவீதம் போகும் என்பார்கள். அது ஒரு குத்துமதிப்புதான், ஒவ்வொரு வண்டிக்கும் மாறும். அந்தக் கணக்கில் உங்கள் என்ஜின் ஒன்றும் செய்யாமலேயே சக்கரத்தில் 89, 90 காட்டியிருக்கும். ஆக 130-க்கு 91 வந்தது என்று எடுத்துக்கொள்ளாமல், இவ்வளவு வேலைக்குப் பிறகும் பவர் ஏறவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேட வேண்டியது அதற்கான காரணத்தைத்தான்.

வேலைக்கு முன்பு அதே டைனோவில் ஓட்டிப் பார்த்திருந்தால் இந்த ஊகம் தேவைப்பட்டிருக்காது. மற்றவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். முதல் பாகத்தைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு ஓட்டம் ஓட்டி, அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது எனக்கு மூன்று விவரம் வேண்டும். டார்க்கின் (முறுக்கு விசையின்) உச்சம் எந்த ஆர்.பி.எம்.மில் வருகிறது? முழு த்ராட்டிலில் (காற்று வழி முழுதாகத் திறந்து) இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தம் 3,000-லும் 6,000-லும் எவ்வளவு? ஏ.எஃப்.ஆர். (காற்று-பெட்ரோல் விகிதம்) எவ்வளவு? லாக் (ஓட்டத்தின்போது பதிவாகும் விவரம்) எடுத்துக்கொண்டு திரும்பி வாருங்கள், காத்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு டைனோவில் 148, இன்னொன்றில் 163. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். காகிதத்தின் மூலையில், அன்றைய காற்றின் வெப்பம், அழுத்தத்துக்கு எந்தத் திருத்தம் என்று போட்டிருக்கும், பாருங்கள். எஸ்.ஏ.இ. ஜே1349 என்றால் 25 டிகிரி, 990 மில்லிபார் காற்றுக்குக் கணக்கிட்டது. எஸ்.டி.டி. என்றால் இன்னும் குளிர்ந்த, அடர்ந்த காற்றுக்கு. அதே ஓட்டம் எஸ்.டி.டி.யில் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகத் தெரியும். மீதி வித்தியாசம் ரோலரின் வகை, டயர் காற்று, வண்டியைக் கட்டிய பெல்ட்டின் இறுக்கம் என்று பிரிந்துபோகும். இனி ஒரே டைனோ, ஒரே கியர், ஒரே திருத்தம். முன்னும் பின்னும் அதில்தான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: முதல் ஓட்டத்தில் 182, மூன்றாவதில் 169. டர்போ வண்டி. டர்போ போய்விட்டதா?

பதில்: அவசரப்படாதீர்கள். மூன்று ஓட்டத்துக்கும் இன்டேக் காற்றின் வெப்பநிலையை லாக்கில் பாருங்கள். 10 டிகிரி ஏறினாலே உள்ளே போகும் காற்றின் எடை 3 சதவீதம் போல் குறையும். அதோடு இ.சி.யூ. (என்ஜின் கணினி) நாக்கிங் (கலவை தானாக வெடிப்பது) வராமலிருக்க இக்னிஷன் டைமிங்கையும் (ஸ்பார்க் கொடுக்கும் நேரத்தையும்) பின்னுக்கு இழுத்துவிடும். பவரை அதிகம் தின்பது இந்த இரண்டாவதுதான். டைனோ அறையின் ஃபேன் ரேடியேட்டரை நோக்கி இருந்ததா, இன்டர்கூலரை (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பதை) நோக்கி இருந்ததா? சாலையில் கிடைக்கும் காற்றோடு ஒப்பிட்டால் பெரும்பாலான ஃபேன்கள் போதவே போதாது. ஓட்டங்களுக்கு நடுவே இன்டர்கூலர் தொட்டால் சுடாத அளவுக்கு ஆற விடுங்கள். ஆறிய பிறகும் 169 என்றால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: பூஸ்ட் (டர்போ கொடுக்கும் காற்றழுத்தம்) 3,500-ல் 1.2 பார். 5,500 தாண்டியதும் 0.8-க்கு இறங்கிவிடுகிறது.

பதில்: வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வ்) சோலனாய்டின் ட்யூட்டி, அதாவது அதற்கு இ.சி.யூ. கொடுக்கும் கட்டளையின் சதவீதம், என்ன செய்கிறது என்று பாருங்கள். பூஸ்ட் இறங்கும்போது ட்யூட்டியும் சேர்ந்து இறங்கினால், இ.சி.யூ.வே தெரிந்து குறைக்கிறது. மேப்பில் அப்படி எழுதியிருக்கும், அல்லது ஏதோ ஒரு பாதுகாப்பு எல்லை தட்டுகிறது. ட்யூட்டி உச்சத்துக்குப் போயும் பூஸ்ட் இறங்கினால் மூன்று சந்தேகம். எங்கோ கசிவு, எக்ஸாஸ்ட் அழுத்தம் வேஸ்ட்கேட்டைத் தள்ளித் திறப்பது, அல்லது அந்த டர்போவால் அவ்வளவுதான் முடியும் என்பது.

கசிவை முதலில் தீர்த்துவிடுங்கள். டர்போவின் வாயை அடைத்து, கம்ப்ரஸரால் மெதுவாக 1 பார் ஏற்றி, ஒவ்வொரு ஹோஸ் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். என் சொந்த வண்டியில் இரண்டு வாரம் மேப்பைத் திருத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம் விரல் நகம் அளவு கிழிசல். வண்டி நிற்கும்போது மூடியிருக்கும், பூஸ்டில் மட்டும் திறக்கும். அன்றிலிருந்து இந்தச் சோதனையைச் செய்யாமல் டர்போ வண்டியை ரோலரில் ஏற்றுவதில்லை.

கேள்வி: ஆக்ஸிலரேட்டர் மிதி 100 சதவீதம். லாக்கில் த்ராட்டில் 74 சதவீதம்தான். கேபிள் இல்லாத வண்டி.

பதில்: உங்கள் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இ.சி.யூ.வில் டார்க் எல்லை ஒன்று பழைய அளவிலேயே நிற்கிறது. காற்று கூடியதும் எல்லை மீறுகிறது என்று நினைத்து அது த்ராட்டிலை மூடுகிறது. மேப் செய்தவரிடம் இந்த லாக்கைக் காட்டுங்கள். பாகம் எதுவும் வாங்க வேண்டாம்.

கேள்வி: மேல் ஆர்.பி.எம்.மில் ஏ.எஃப்.ஆர். 15 காட்டுகிறது, லீன் (பெட்ரோல் குறைவு) என்கிறார்கள். ஆனால் பிளக்கைக் கழற்றினால் கறுப்பாகக் கரி. குழப்பமாக இருக்கிறது சார்.

பதில்: நல்ல கேள்வி. இதில் தவறினால் என்ஜினே கெட்டுப்போகும். எக்ஸாஸ்ட் சென்சார் பார்ப்பது மீந்துபோன ஆக்சிஜனைத்தான், பெட்ரோலை அல்ல. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால் எரியாத காற்று அப்படியே வெளியே வந்து 'லீன்' என்று காட்டும். சென்சாருக்கு முன்னால் ஹெட்டர் கேஸ்கெட் கசிந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு அதே பொய்யைச் சொல்லும். பிளக் கறுப்பு என்கிறீர்கள், ஆகவே பெட்ரோலைக் கூட்டுவதற்கு முன் இக்னிஷனையும் கேஸ்கெட்டையும் பாருங்கள்.

அதற்காக உண்மையான லீனை ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஓட்டத்தின்போது ஃபியூயல் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். இஞ்செக்டர் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பார் இருக்க வேண்டியது 2-க்கு விழுந்தால் பெட்ரோல் 18 சதவீதம் குறைந்துவிடும். ஃபில்டர், பம்புக்குப் போகும் வயரின் வோல்டேஜ் இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் முழு த்ராட்டிலில் 12.5-க்கும் 13.2-க்கும் நடுவே நல்ல பவர் தரும்.

கேள்வி: டார்க் உச்சம் 4,300-ல், அங்கே கோடு சுத்தம். 6,000-க்கு மேல் கோடு ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. வால்வ் ஸ்பிரிங் பலவீனமா, ஸ்பார்க் அணைகிறதா?

பதில்: ஸ்மூத்திங்கை (கோட்டை வழவழப்பாக்கும் அமைப்பை) பூஜ்யத்தில் வைத்து அச்செடுங்கள். ஸ்பார்க் சிரமப்படுவது சிலிண்டர் அழுத்தம் அதிகமுள்ள இடத்தில், அதாவது டார்க் உச்சத்தை ஒட்டி. வால்வ் மிதப்பது, அதாவது ஸ்பிரிங் பின்தங்கி வால்வ் சரியாக மூடாமல் போவது, ஆர்.பி.எம்.மைப் பொறுத்தது. உங்கள் டார்க் உச்சம் 4,300 என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கோடு சுத்தம், 6,000-ல் கலங்குகிறது என்றால் என் சந்தேகம் ஸ்பிரிங் மேல். பிளக் இடைவெளியை 1.0-லிருந்து 0.7 மி.மீ.க்குக் குறைத்து ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். மாற்றமே இல்லையென்றால் ஸ்பிரிங்கைக் கழற்றி அளக்கலாம்.

கேள்வி: பவர் கோடும் டார்க் கோடும் 5,252-ல் வெட்டிக்கொள்ள வேண்டுமாமே? என்னுடையது வெட்டவே இல்லை.

பதில்: அது பவுண்ட்-அடியும் எச்.பி.யும் ஒரே அளவுகோலில் இருந்தால் மட்டும். நியூட்டன் மீட்டரும் பி.எஸ்.ஸும் என்றால் 7,023 வாக்கில்தான் வெட்டும். இன்னொன்றும் சொல்கிறேன். ரோலர் டைனோவில் பவர் நேரடியாக டிரம்மிலிருந்து வருகிறது. டார்க்கைக் கணக்கிடத்தான் என்ஜின் ஆர்.பி.எம். தேவை. ஆர்.பி.எம். சிக்னல் தவறினால் பவர் சரியாகவும் டார்க் தவறாகவும் இருக்கும்.

கேள்வி: அண்ணா, முதலில் கேட்ட 1.6 லிட்டர்காரன். லாக் எடுத்துவிட்டேன். டார்க் உச்சம் 3,100-ல், 5,000 தாண்டியதும் பவர் செத்துவிடுகிறது. மேனிஃபோல்டு அழுத்தம் கடைசி வரை 98 கிலோபாஸ்கல். ஏ.எஃப்.ஆர். 12.8. சென்சார் ஓட்டையில் கேஜ் மாட்டினேன், எக்ஸாஸ்ட் அழுத்தம் 0.1 பார். கம்ப்ரஷன் நான்கிலும் சமம், ஆனால் பழைய கேமில் இருந்ததைவிடக் கூடுதல்.

பதில்: அருமையாக அளந்திருக்கிறீர்கள். மேனிஃபோல்டு அழுத்தம் 98-லேயே நிற்கிறது, ஆகவே ஃபில்டர், த்ராட்டில் பக்கம் அடைப்பு இல்லை. எக்ஸாஸ்ட்டும் திறந்திருக்கிறது. பெட்ரோல் சரி. மிச்சமிருப்பது வால்வ் எப்போது திறந்து மூடுகிறது என்பதுதான்.

பெரிய கேம் போட்டால் இன்டேக் வால்வ் தாமதமாக மூடும். அதனால் ஸ்டார்ட்டரில் அளக்கும் கம்ப்ரஷன் சற்று *குறைய* வேண்டும், டார்க் உச்சம் மேலே நகர வேண்டும். உங்களுக்கு இரண்டும் தலைகீழ். கேம் முன்கூட்டி நிற்கிறது, பெல்ட் ஒரு பல் தாண்டி மாட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கேம் புல்லியின் பல்லை எண்ணுங்கள். 40 பல் என்றால் ஒரு பல் கேமில் 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி. பவரைத் தின்ன அது தாராளமாகப் போதும்.

குறியை மட்டும் நம்பாமல் டிகிரி வீலும் டயல் கேஜும் வைத்து, கேமோடு வந்த அட்டையில் உள்ள அளவுக்குச் சரிபார்த்து மாட்டச் சொல்லுங்கள். மாட்டியதும் ஸ்டார்ட்டரைத் தொடாமல், பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். இத்தனை நாள் முன்கூட்டி ஓடியதில் இன்டேக் வால்வ் பிஸ்டனை உரசியிருக்கவும் வாய்ப்புண்டு. கம்ப்ரஷன் சமமாக இருப்பதால் பெரிய சேதம் இருக்காது, இருந்தாலும் பெல்ட்டைத் திருத்தியதும் லீக்-டவுன் சோதனை (சிலிண்டரில் காற்று ஏற்றிக் கசிவைப் பார்ப்பது) ஒன்று செய்துவிடுங்கள். நான்கும் சரியாக இருந்தால் அதே டைனோ, அதே கியர். இந்த மேப் தவறான கேம் டைமிங்குக்கு எழுதியது, ஆகவே முழு த்ராட்டில் கொடுக்கும் முன் இக்னிஷன் டைமிங்கை மறுபடி ட்யூன் செய்யச் சொல்லுங்கள். புதிய கிராஃபை அனுப்புங்கள், பழையதோடு வைத்துப் பார்க்கிறேன்.