ஆறாம் மாதத்தில் வாந்தி: மசக்கையா, குடல் அடைப்பா?

கேள்வி: ஆறு மாத கர்ப்பம். வயிறு விட்டுவிட்டுச் சுருட்டி வலிக்கிறது, வாந்தியும் இருக்கிறது. மசக்கை என்கிறார்கள். குடல் அடைப்பாக இருக்குமோ?

அபூர்வம்தான், ஆனால் வரும். எனக்கு ஏழாம் மாதத்தில் வந்தது.

சாயங்காலம் தொப்புளைச் சுற்றிச் சுருட்டிப் பிடித்தது. கொஞ்ச நேரம் விடும், மறுபடி பிடிக்கும். அம்மா சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுத்தார். குடித்த வேகத்தில் வெளியே வந்தது. முதலில் போன ஆஸ்பத்திரியில் வாயு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடியற்காலையில் வாந்தி பச்சையாக வந்தது.

இரண்டாவது இடத்தில் வந்த சர்ஜன் என் வலது அடிவயிற்றுத் தழும்பைப் பார்த்து, "இது என்னம்மா?" என்றார். கல்லூரி நாட்களில் செய்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். அடுத்து, "காத்து பிரிஞ்சு எவ்வளவு நேரமாச்சு?" முதல் இடத்தில் இந்த இரண்டையும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பழைய ஆபரேஷனுக்குப் பிறகு குடல் உள்ளே நார் நாராக ஒட்டிக்கொள்ளும். கர்ப்பிணிகளின் குடல் அடைப்புக்கு முதல் காரணம் இதுதான். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது பொருந்தும். அடுத்த காரணம் குடல் முறுக்கிக்கொள்வது. கர்ப்பப்பை பெரிதாகி மேலே எழும்போது குடல் இடம் மாறும், அந்த நார் இழுத்துப் பிடிக்கும். மசக்கை வாந்தி பெரும்பாலும் நாலைந்து மாதத்துக்குள் அடங்கிவிடும். ஆறாம் மாதத்தில் புதிதாக ஆரம்பித்தால் அதை மசக்கைக் கணக்கில் எழுதாதீர்கள். இன்றே போங்கள், தழும்பு இருந்தால் கேட்காமலேயே காட்டுங்கள்.

எக்ஸ்ரே என்றதும் நான் அழுதேன். ஆனால் ஒன்றிரண்டு வயிற்றுப் படங்களின் கதிர்வீச்சு, குழந்தைக்குக் கவலைப்பட வேண்டிய அளவாகச் சொல்லப்படும் 50 மில்லிகிரேவுக்கு மிகவும் கீழே. கதிர்வீச்சே இல்லாத எம்ஆர்ஐயும் உண்டு. தாமதம்தான் ஆபத்து: ரத்த ஓட்டம் நின்றால் குடல் அழுகிவிடும்.

வாய் வழியாக எதுவும் கிடையாது. டிரிப்ஸ், மூக்கு வழியே இரைப்பைக்குள் விடும் ரைல்ஸ் டியூப். (வலியைவிட அந்த டியூப்தான் கொடுமை.) சிலருக்கு இதிலேயே சரியாகிவிடும். எனக்கு ஆகவில்லை, மறுநாள் வயிற்றைத் திறந்து நாரை வெட்டிவிட்டார்கள். குடல் கறுக்கவில்லை, அதனால் எதையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி: "காத்து பிரிஞ்சுதா?" பிரிந்தால்தான் குடல் மறுபடி வேலை செய்கிறது என்று அர்த்தம். நாலாம் நாள் பிரிந்தது. அம்மா வார்டு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் நர்ஸிடம் போனார். மகள் 38ஆம் வாரத்தில் பிறந்தாள்.