தாலி முதல் பாம்படம் வரை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகத் தங்க வேலைதான் தொழில். நகைச் சடங்குகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் பொட்டுத்தாலி. மாப்பிள்ளை வீட்டில் வேறு வடிவம். எதைக் கட்டுவது?

பதில்: பொதுவாக மாப்பிள்ளை வீட்டு வழக்கம்தான். தாலியைப் பார்த்தே எந்த வீடு என்று சொல்லிவிடலாம். ஐயங்கார் தாலியில் நாமம் இருக்கும், கிறித்தவர் தாலியில் சிலுவை இருக்கும். நகரத்தார் தாலியான கழுத்திருவில் முப்பதுக்கும் மேற்பட்ட உருப்படிகள். தெலுங்கு பேசும் வீடுகளில் இரண்டு பொட்டு (வட்டத் தகடு) கட்டுவார்கள். ஒன்று பிறந்த வீட்டுடையது, இன்னொன்று புகுந்த வீட்டுடையது. எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் இது. இரு வீட்டாருக்கும் சம்மதம் என்றால் நீங்களும் அப்படியே கோத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாலி இல்லாமல் மாலை மட்டும் மாற்றினால் கல்யாணம் செல்லுமா?

பதில்: தமிழ்நாட்டில் செல்லும். இந்து திருமணச் சட்டத்தில் 1967-ஆம் ஆண்டுத் திருத்தம் 7ஏ பிரிவைச் சேர்த்தது. மாலை, மோதிரம், தாலி மூன்றில் ஒன்று போதும்.

கேள்வி: தாலி பிரித்துக் கோர்க்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையாவது மாதம் என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது என்பார்கள். அதனால் முதலில் புதுச் சரடு கழுத்தில் ஏறும், அப்புறம்தான் பழைய மஞ்சள் கயிறு இறங்கும். குண்டுமணி, காசு, பவளம் எல்லாவற்றையும் முன்கூட்டியே வரிசைப்படி ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். அவசரத்தில் குண்டுமணி உருண்டு ஓடி, பாயைத் தூக்கித் தேடிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: காலில் ஏன் தங்கம் அணிவதில்லை?

பதில்: தங்கம் மகாலட்சுமி என்பதால். கொலுசும் மெட்டியும் வெள்ளியில் இருப்பது அதனால்தான்.

கேள்வி: எனக்கு அம்மா வீட்டில் போட்ட 30 பவுனும் மாமியார் லாக்கரில் இருக்கிறது. கேட்டால் "குடும்ப நகை" என்கிறார்.

பதில்: அது உங்கள் நகை, அம்மா. பிறந்த வீட்டில் போட்டது ஸ்ரீதனம், அதாவது பெண்ணுக்கே சொந்தமான சொத்து. கணவருக்குக்கூட அதில் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் மறுபடியும் தெளிவாகச் சொன்னது. கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும் என்று 1985-இலேயே விதி வந்துவிட்டது. ஆனால் சீர் வரிசையை அடுக்கிப் படம் எடுக்கும் நாம் அந்த ஒரு தாளை எழுதுவதில்லை. கடை ரசீதுகள், கல்யாண ஆல்பம் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். முதலில் கணவரை உட்கார வைத்துப் பேசுங்கள். அப்படியும் நகையைத் தர மறுத்தால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: பாட்டியின் பாம்படத்தை உருக்கி வளையல் செய்யலாமா? அவர் இப்போது போடுவதில்லை.

பதில்: பாம்படம் என்ற அந்தக் காதணி கையில் எடுத்தால் கனக்கும், ஆனால் அது அத்தனையும் தங்கமில்லை. மெல்லிய தங்கத் தகட்டுக்குள் அரக்கு அடைத்துச் செய்வது அது. சூடு காட்டினால் அரக்கு கறுப்பாக வழியும். மிஞ்சும் தகட்டின் எடையைப் பார்த்து முகம் வாடிப்போனவர்கள் உண்டு. காது வடித்து (துளையைப் பெரிதாக்கி), தோளில் இடிக்க இதைப் போட்ட தலைமுறை தென் மாவட்டங்களில் அநேகமாக முடிந்துவிட்டது. இன்று இதைச் செய்யத் தெரிந்த கைகளும் குறைவு. தயவுசெய்து உருக்காதீர்கள். வேறு வழியே இல்லை என்றால், அரக்கை உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லி எடை போடுங்கள். அதற்கு முன், பாட்டியை ஒரே ஒரு முறை போட்டுக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்துவிடுங்கள்.